பாதி எடை

பிப்ரவரி 4

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும். அதை வைத்துத் திருப்தி அடைந்துகொள்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் குறை சொன்னாயாம். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க என்னால் முடியாது. உன்னால் முடியும், ஆனால் உனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் எங்கள் நீர்த்தேக்கத்தின் மீன்பிடி உரிமையை மூன்று வருடத்துக்கு மீன்வளத் துறை ஏலம் விடுகிறது. பன்னிரண்டு வருடமாக அந்த ஏலக் கூடத்தில் ஒரே ஒரு கைதான் உயர்ந்திருக்கிறது. அது உன் கை. உன் முதலாளியின் கை என்பாய்; தூக்குவது நீதானே.

இந்தத் தடவை இந்தக் கரையில் பதினோரு படகுக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறோம். உன் மாப்பிள்ளை அதில் ஒருவர். எனக்குப் படகு ஓட்டத் தெரியாது, ஆனால் உதட்டை அசைக்காமல் காகிதம் படிக்கத் தெரியும் என்பதால் என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். டெபாசிட்டுக்கு என் வீட்டுப் பத்திரமும் இன்னும் ஐந்து வீட்டுப் பத்திரமும் வைத்திருக்கிறோம்.

ஏன் இந்த வேலை என்று கேட்பாய். இப்போது நாங்கள் உங்கள் தண்ணீரில் வலை போட்டு, உங்கள் தராசில் நிறுத்து, நீங்கள் சொன்ன விலைக்கு உங்களுக்கே விற்கிறோம். எங்கள் சொந்தம் என்று இருப்பது குளிர் மட்டும்தான்.

ஒரே ஒரு கேள்வி. துறை வெளியிட்ட கணக்குப்படி இந்தத் தண்ணீரில் பேருக்குத்தான் மீன் இருக்கிறது. எங்கள் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் இங்கே எண்பது படகு ஓடுகிறது. ஒவ்வொருவனும் தன் கூடையைத்தான் பார்க்கிறான். உங்கள் ஆளாகத் தராசடியில் உட்கார்ந்து எடை எழுதும் ஐஸ்காரர் வாயைத் திறப்பதில்லை. மொத்தத்தைப் பார்க்கிறவன் நீ ஒருவன்தான்.

இந்தத் தண்ணீரில் மீன் இருக்கிறதா, இல்லையா?

தங்கை.


பிப்ரவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

நான் எதையும் அடிக்கவில்லை.

உன் கடிதத்தைப் படிக்கும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, "என்ன எழுதியிருக்கா, என்ன எழுதியிருக்கா?" என்று துளைத்துவிட்டாள். "எல்லாரையும் நலம் விசாரிச்சிருக்கா" என்றேன். "அவளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். எங்கள் நிறுவனம் யாரையும் ஏலத்துக்கு வரவேண்டாம் என்று தடுப்பதில்லை. வருகிறவர்கள் தாங்களாகவே திரும்பிப் போகிறார்கள். அவர்கள் வழி தவறாமல் வீடு போய்ச் சேர வேண்டிய வசதிகளை மட்டும் நாங்கள் செய்துகொடுக்கிறோம்.

உதாரணமாக, டெபாசிட்டை மூன்று மடங்கு உயர்த்தும்படி துறைக்கு யோசனை சொன்னது நாங்கள். 'ஏலத்தின் கண்ணியத்தைக் காக்க' என்று மனுவில் எழுதினோம். கண்ணியம் என்ற சொல் என்னுடையது. பத்து டன் ஐஸ் தயாரிக்க வசதி உள்ளவர்களே கலந்துகொள்ளலாம் என்ற விதியும் எங்கள் யோசனைதான். எங்களிடம் பத்து டன் இருந்தது. பன்னிரண்டு இருந்திருந்தால் பன்னிரண்டு என்று எழுதியிருப்பேன். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னால் எங்காவது ஒரு குட்டையை யானை விலைக்கு எடுத்துப் பத்திரிகையில் படம் போடுவோம். சென்ற முறை எடுத்த குட்டையில் ஓர் எருமை படுத்திருந்தது. அது எழுந்தபோது பாதித் தண்ணீர் குறைந்துவிட்டது. நஷ்டத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் இவர்கள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும். ஏல நாளன்று எங்கள் லாரி ஓட்டுநர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்காருவார்கள். பார்க்கிறவனுக்கு இருபது முதலாளிகள் வந்திருப்பதுபோலத் தோன்றும்.

இவ்வளவும் தாண்டி வந்தவர் ஒரே ஒருவர். ஐஸ்காரர் ஏன் வாயைத் திறப்பதில்லை என்றாயே, அதற்குக் காரணம் நான். ஆறு வருடம் முன்பு அவரிடம் சொந்த ஐஸ் ஆலை இருந்தது. சின்ன ஏரியை ஏலம் கேட்க வந்தார். அது முப்பது லட்சம்கூடப் பெறாது என்று எனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வரை அவரை ஏற்றிக் கொண்டுபோய், கையை இறக்கிவிட்டேன். ஏரி அவர் தலையில் விழுந்தது. இரண்டாம் வருடம் ஆலை போயிற்று. மூன்றாம் வருடம் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தோம். தோற்றவரை வேலைக்கு வைத்துக்கொள்வது எங்கள் நிறுவனத்தின் வழக்கம். மார்பில் எங்கள் பெயர் தைத்த சட்டையும், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு நாற்காலியும் தருகிறோம். முதலாளி இதை இரக்கம் என்கிறார். விளம்பரப் பலகை இதைவிடச் செலவு என்பது என் கருத்து.

உன் கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், துறைக் கணக்கு உண்மையே. மீன் உண்மையாகவே குறைந்துவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே. இதை உன் அண்ணனாகச் சொல்கிறேன், இது உண்மை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்.


பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

உன் கடிதத்தின் கடைசியில் 'உண்மை' நான்கு முறை வருகிறது. கூடையைக் காட்டி நாலு தடவை "புது மீன், புது மீன்" என்று கூவுகிறவனிடம் நான் வாங்குவதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாதுதான். ஆழத்தை மறைத்து வைத்திருப்பவனே அதைச் சொல்லும்போதுதான் சிரிப்பு வருகிறது.

பதினோரு பேரையும் வைத்து உன் கடிதத்தைப் படித்தேன். எதற்கெடுத்தாலும் முனகுகிற ஒருவர் உண்டு, முனகல் என்றே பேர். அவர் கேட்டார்:

"உங்க அண்ணன் வரவேணாம்னு சொல்றாரா?"

"ஆமா."

"எத்தனை பக்கம் எழுதியிருக்காரு?"

"நாலு."

"மீன் இல்லாத தண்ணிக்கு எவன்யா நாலு பக்கம் எழுதுவான்?"

அத்தோடு முடிவாகிவிட்டது. பத்து டன் ஐஸுக்கு மூடிக்கிடக்கிற ஓர் ஆலையை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். உங்கள் லாரி ஓட்டுநர்களுக்கு வெள்ளைச் சட்டை துவைத்து வைக்கச் சொல்.

ஐஸ்காரரைப் பற்றி நீ எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன். படிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான். கேட்டு முடித்ததும், "எழுத்து நல்லா இருக்கும்மா" என்றார். அதன் பிறகு வெகுநேரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

தங்கை.


ஏப்ரல் 28

அன்புள்ள தங்கைக்கு,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. கிழிக்கமாட்டாய் என்று தெரியும். சொல்ல வேண்டியது என் கடமை.

முன் கடிதத்தில் பொய் சொன்னேன். மாதம் ஒருமுறை கரையிலிருந்து எடை விவரம் எனக்கு வருகிறது. அதை இரண்டால் வகுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு, துறைக்கு அனுப்புகிறேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது. துறை அந்த எண்ணைப் பார்த்து ஆரம்ப விலையை இருபது லட்சம் என்று வைக்கிறது. புதிதாக வர நினைப்பவன் அதே எண்ணைப் பார்த்து வேறு தொழில் தேடுகிறான். ஒரு வகுத்தலில் இரண்டு லாபம். ஆகவே துறை சொல்வதைப்போல இரண்டு மடங்கு மீன் அங்கே இருக்கிறது. மூன்று வருட உரிமை ஐம்பது லட்சம் பெறும். அதற்கு மேல் ஒரு காசும் பெறாது. இதை என் வயதை அறிந்ததுபோல அறிவேன்.

நேற்று முதலாளி கூப்பிட்டார். அவர் மேஜையில் உங்கள் பதினோரு பேரின் விண்ணப்பம் இருந்தது.

"அறுபது வரைக்கும் கூட்டிட்டுப் போய்யா. அறுபது தாண்டினதும் கையை இறக்கிடு. ஏரி அவங்க தலையில விழட்டும். மூணாவது வருஷம் நம்ம சட்டையைப் போட்டுக்கிட்டு நிப்பாங்க."

"அது என் தங்கச்சி சார்."

"தெரியும். அதனாலதான் உன்னை அனுப்பறேன். அவ எங்க மூச்சு வாங்குவான்னு உனக்குத்தானே தெரியும்?"

நான் தலையாட்டினேன். முப்பது வருட வேலையில் இந்தக் கழுத்துக்கு ஒரே ஒரு அசைவுதான் பழகியிருக்கிறது.

ஆகவே கேள். ஐம்பது உன் எல்லை. அதன் பிறகு நான் எவ்வளவு சொன்னாலும், உன் கையை உன் தொடைக்கு அடியில் வைத்துக்கொள். ரோஷத்துக்கு ஏலம் கேட்காதே. ஆறு வீட்டுப் பத்திரத்தை நினை. ஐஸ்காரரை நினை. எனக்கு அவர் ஒருவரே போதும். உன்னையும் அந்த நாற்காலியில் பார்க்க வைத்துவிடாதே.

அண்ணன்.


மே 9

அண்ணனுக்கு,

வாழ்த்துகள். பெரிய மனிதனாகிவிட்டாய். பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். தலைமுடிக்குச் சாயம் அடித்திருக்கிறாய்.

நான் ஐம்பதில் நிற்கவில்லை என்று உனக்குக் கோபமாக இருக்கும். ஐம்பத்தொன்று என்றபோது உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் நான் மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடக்கும்போது வைத்துக்கொள்வாயே, அந்த முகம். அதைப் பார்த்து உன்னை நம்பினேன் பார், அதுதான் என் முட்டாள்தனம்.

நீ அறுபது என்றாய். நான் அறுபத்தொன்று என்றேன். நீ எழுதியிருந்தபடியே கையை இறக்கினாய். ஏலம் விடுகிறவர், "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார். எங்கள் பதினோரு பேரும் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டோம். அந்த மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் உன் கை மறுபடி உயர்ந்தது.

எதற்கு? அறுபதில் விட்டுவிடச் சொன்னது உன் முதலாளி. உனக்கே உனக்கென்று ஒரு ஆசை வந்து, தங்கச்சி ஜெயிக்கக் கூடாது என்று முப்பது வருடத்தில் முதல் தடவையாக முதலாளியின் பேச்சை மீறினாயா?

அறுபத்தைந்து. அறுபத்தெட்டு. எழுபது எங்கள் எல்லை. பத்திரங்கள் அதுவரைக்கும்தான் தாங்கும். நீ எழுபத்தொன்று என்றாய். உன் மாப்பிள்ளை என் தோளைத் தொட்டு, "கேளும்மா, இன்னும் கேளு" என்றார். எதை வைத்துக் கேட்பது? உங்கள் ஓட்டுநர்கள் கை தட்டினார்கள். அதில் ஒருவன் எழுந்து நின்று தட்டினான். பாவம், நல்ல சட்டை.

இப்போது ஒரு செய்தி சொல்கிறேன். அந்த உரிமை பெறுவது ஐம்பது இல்லை; ஒரு கோடி.

பிப்ரவரியில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்றைக்கே ஐஸ்காரர் சொல்லிவிட்டார். அவருடைய தராசுப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. 'எடையில் பாதி எழுதவும்.' கீழே உன் கையெழுத்து. அவருக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. கரையில் முழு எடை நிறுத்து, பாதி எழுதி, உனக்கு அனுப்புகிறார்கள். நீ அந்தப் பாதியை முழுசு என்று நினைத்து, அதையும் பாதியாக்குகிறாய்; அது உன் ஏப்ரல் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நான்கில் ஒரு பங்குதான் துறைக்குப் போகிறது. ஊரை ஏமாற்ற ஒரு எண் எழுதினாய். அதை நம்பிய கடைசி ஆள் நீதான்.

இதை முன்பே உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். நீ அதைக் கொண்டுபோய் முதலாளியிடம் ஒப்பித்துவிடுவாய் என்று பயந்தேன். அதனால் எழுதவில்லை.

தங்கை.


ஜூன் 14

அன்புள்ள தங்கைக்கு,

கோப்பைத் தேடி எடுத்தேன். ஒன்பது வருடம் முன்பு ஒரு மேலாய்வு வந்தது. அதிகாரிகள் கரைக்கே வந்து எடைச் சீட்டைப் பார்ப்பார்கள் என்று பயந்து, 'ஆய்வு முடியும் வரை எடையில் பாதி எழுதவும்' என்று கரைக்கு உத்தரவு அனுப்பியிருக்கிறேன். ஆய்வு பதினைந்து நாளில் முடிந்தது. முடிந்தது என்று நான் எழுதவில்லை. அங்கே இருந்தவர் முதல் மூன்று சொல்லைக் கிழித்துவிட்டு மீதியை ஒட்டி வைத்திருக்கிறார்.

இவ்வளவு மீன் எங்கே போனது, கண்டுபிடிக்கவில்லையா என்று நீ கேட்கலாம். ஏரி மீனும் எங்கள் கடல் படகுகளின் மீனும் ஒரே குளிர்கிடங்கில் சேர்ந்து, ஒன்றாகத்தான் விற்பனைக்குப் போகின்றன; படகுக்காரர்களுக்குக் கொடுக்கும் பணமும் கிடங்குக் கணக்கில்தான் போகிறது, அதை எடை விவரத்தோடு யாரும் ஒப்பிட்டதில்லை. கிடங்கில் அதிகமாக இருந்ததையெல்லாம் கடல் படகுகளின் உழைப்பு என்று எடுத்துக்கொண்டோம். மூத்த படகோட்டிக்கு வருடா வருடம் மேடையில் கைக்கடிகாரம் கொடுத்தோம். அவரிடம் ஒன்பது கடிகாரம் இருக்கிறது. அவரும் ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

எதற்குக் கை தூக்கினேன் என்று கேட்டிருந்தாய். நீ அறுபத்தொன்று என்று சொன்னதும், ஐம்பது பெறும் ஏரியை என் தங்கை வாங்கிவிட்டாள், இரண்டு வருடத்தில் வீடு போய்விடும் என்று நினைத்தேன். 'ரெண்டு தரம்' என்ற சத்தம் கேட்டது. கை தானாக உயர்ந்தது. நஷ்டம் நிறுவனத்துக்குப் போகட்டும், என் வேலை போகட்டும், அவள் தப்பட்டும் என்றுதான். முப்பது வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று எண்ணி, வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நிம்மதியாகத் தூங்கினேன்.

இனிமேல்தான் எழுதக் கை கூசுகிறது.

முதலாளி மறுநாளே கூப்பிட்டு, "பதினோரு லட்சம் ஏன் கூடப் போச்சுன்னு ஒரு வாரத்துல பதில் சொல்லு, இல்லாட்டி சாவியைக் குடு" என்றார். ஏழாவது நாள் அவர் முன்னால் நின்றேன். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

"சொல்லுய்யா."

வேலை போகட்டும் என்று நினைத்த அதே ஆள்தான். வாயைத் திறந்தால் வேறொருவன் பேசினான். "சார், அந்த ஏரி ஒரு கோடி பெறும்." தராசு, பெட்டி மூடி, காகிதம் எல்லாம் சொன்னேன். அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான், அது உன்னுடையது.

அவர் வெகுநேரம் சிரித்தார். "கள்ளன்யா நீ. தெரிஞ்சுக்கிட்டே எடுத்திருக்கே!" இப்போது நான் துணைப் பொது மேலாளர். தனி அறை, இரண்டு ஜன்னல். உடன்பிறந்தவளுக்கே விட்டுக்கொடுக்காதவர்கள் என்று செய்தி பரவி, வேறு இரண்டு ஏரிகளுக்கு விண்ணப்பித்திருந்தவர்கள் தாங்களாகவே விலகிவிட்டார்கள். டெபாசிட்டும் ஐஸ் விதியும் வெள்ளைச் சட்டையும் பன்னிரண்டு வருடத்தில் செய்ததை உன்மேல் வைத்த பாசம் ஒரே காலையில் செய்துவிட்டது. வர்த்தகர் சங்கத்தில் 'ஏலத்தில் உறுதி' என்ற தலைப்பில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. முதலாளி, "வழக்கப்படி உன் தங்கச்சிக்கும் ஒரு நாற்காலி போடுய்யா" என்றார். உத்தரவை இத்துடன் வைத்திருக்கிறேன். மீன் சேகரிப்புப் பிரிவில் எழுத்தர் வேலை. கையெழுத்து என்னுடையது. அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

அண்ணன்.


ஜூன் 25

அண்ணனுக்கு,

உன் உத்தரவின் பின்புறத்தில் எழுதுகிறேன். நல்ல கனமான காகிதம்.

நாற்காலி வேண்டாம். பதினோரு பேரில் நாலு பேர் உங்கள் தினக்கூலிக்குப் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். முனகலுக்குக் கொடுத்த சட்டை ஒரு சுற்றுப் பெரிது. அதற்கும் முனகுகிறார்.

நீ எனக்காகத்தான் கை தூக்கினாய் என்பதை நம்புகிறேன். நம்புவதுதான் இன்னும் எரிகிறது. நீ வெறும் திருடனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் நாற்பது வயதுக்காரி. பதினோரு குடும்பம் என்னை நம்பி அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் ஐம்பதைத் தாண்டினால், இவளுக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது என்று உனக்கு ஒரு நொடி தோன்றவில்லையா? ரோஷம் என்றுதான் தோன்றியது. "ஏன் போறே?" என்று கண்ணாலாவது கேட்டாயா? நல்லது செய்கிறவர்கள் ஏன் எல்லோரும் கேட்காமலே செய்கிறீர்கள்?

கெடுதல் செய்யும்போதுகூட உன் முதலாளி உன்னிடம் கலந்து பேசுகிறார்.

இனி எழுதாதே. அம்மாவை நலம் விசாரித்தேன் என்று சொல். இந்தத் தடவை பொய் இல்லை.

தங்கை.


செப்டம்பர் 2

அன்புள்ள தங்கைக்கு,

எழுதாதே என்றாய். கேட்காமல் செய்கிறாய் என்றும் சொன்னாய். இரண்டாவதற்குக் கீழ்ப்படிய முதலாவதை மீற வேண்டியிருக்கிறது.

ஒன்பது வருட உண்மையான எடையைக் கணக்கிட்டு எழுதி முடித்துவிட்டேன். முப்பத்தாறு பக்கம். என் கையெழுத்திலேயே இருக்கிறது. பொய்யையும் அதே கையெழுத்தில்தான் எழுதினேன் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கத் துறைக்கு வசதி. அது இப்போது என் அலமாரியில் பூட்டியிருக்கிறது.

இதைத் துறையிடம் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும் என்பதை விடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. உண்மை வெளியே வந்தால் அடுத்த ஏலத்தில் ஆரம்ப விலையே தொண்ணூறு லட்சத்துக்கு வந்துவிடும். இதுவரை எட்டிப் பார்க்காத பெரிய நிறுவனங்கள் எல்லாம் வரும். உங்கள் ஆறு வீட்டுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழையக்கூட முடியாது.

கொடுக்காவிட்டால், ஆரம்ப விலை இருபதிலேயே நிற்கும்; எழுபத்தொன்று அண்ணன் தங்கை ரோஷத்தில் போன விலை என்றுதான் துறையும் ஊரும் நினைக்கின்றன. வேறு யாரும் வரமாட்டார்கள். முதலாளிக்கு இப்போது ஏரியின் மதிப்புத் தெரியும். ஆனால் மீன் வருடா வருடம் குறைகிறது என்று அவரை நம்ப வைக்க எனக்கு மூன்று வருடம் இருக்கிறது, தொழிலும் தெரியும். அடுத்த ஏலத்திலும் கை என்னுடையதுதான். நீ அறுபது என்று சொல்லும்போது அதை இறக்கிவிடுகிறேன். இந்த முறை மறுபடி உயராது.

கொடுப்பது சரி என்று எனக்குத் தெரியும். எனக்குச் சரி என்று தெரிந்ததைச் செய்த கடைசித் தடவை என்ன ஆயிற்று என்பதும் தெரியும். அதனால் கேட்கிறேன்.

கொடுக்கட்டுமா, வேண்டாமா?

அண்ணன்.


அக்டோபர் 10

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுத நேரமில்லை என்று சொல்லமாட்டேன். நேரம் நிறைய இருந்தது.

பதினோரு பேரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். தினக்கூலிக்குப் போன நாலு பேரும் உங்கள் சட்டையோடே வந்தார்கள். கொடுக்க வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வேண்டாம் என்கிறவர்கள் என்றேன். பதினோரு கை. நான் பொதுவாக நிற்க வேண்டியவள். எண்ணி முடித்தபோது பன்னிரண்டு இருந்தது. என் கையும் மேலேதான் இருந்தது. எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஐஸ்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். படகு இல்லாததால் அவருக்குக் கை தூக்கும் உரிமை கிடையாது என்று முனகல் நினைவுபடுத்தினார். அவர் எழுந்து, "எனக்கு ஓட்டு வேணாம்யா. என்னை முக்கின தண்ணி இது இல்ல, ஆனா முக்கின விதம் இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். முனகல், "இவருக்கு இழக்க என்ன இருக்கு?" என்றார்.

போன வாரம் எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அங்கே இருபது படகு இருக்கிறது. அவர்களும் சேர்ந்து அடுத்த ஏலத்துக்கு வரலாமா என்று யோசிக்கிறார்களாம். என்னைக் கேட்டால் தெரியும் என்று யாரோ சொன்னார்களாம்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. இந்தத் தண்ணில மீன் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முனகல், "மீனா? போன வாரம் ஒண்ணு பார்த்தோம், அதுவும் வழி கேட்டுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். படகு தூரம் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் இருந்தபோது நானும் சிரித்தேன்.

கொடுக்காதே. இதுதான் முடிவு.

நீ கேட்டிருக்க வேண்டாம் அண்ணா. கேட்காமல் கொடுத்திருந்தாலும் திட்டியிருப்பேன், கொடுக்காமல் இருந்திருந்தாலும் திட்டியிருப்பேன். இரண்டில் எதுவானாலும் திட்டுவதற்கு நீ ஒருவன் மிச்சமிருந்திருப்பாய்.

தங்கை.


நவம்பர் 3

அன்புள்ள தங்கைக்கு,

உன் முடிவு கிடைத்தது. அதன்படியே நடக்கிறது.

அக்டோபர் மாத எடை இன்று காலை கரையிலிருந்து வந்தது. ஐஸ்காரர் பெட்டி மூடியில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டார் போலிருக்கிறது. இந்த மாதம் முழு எடையை, கிலோ பிசகாமல் எழுதி அனுப்பியிருக்கிறார். கூடவே வேலையை விடுவதாக ஒரு சீட்டு. காரணம் எழுதவில்லை. சட்டையை மடித்துக் கட்டி அனுப்பியிருந்தார், துவைத்திருந்தது.

முழு எண்ணை நான் பார்ப்பது ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதைப் பாதியாக்கி முதலாளிக்கு ஒரு தாளில் எழுதினேன். "என்னய்யா, குறையுதே?" என்றார். "தண்ணி மாறிடுச்சு சார்" என்றேன். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கித் துறைக்கு எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு வருடம் இந்த வேலையை முதலாளிக்காகச் செய்தேன். இந்த மாதம் முதல் உனக்காகச் செய்கிறேன். வகுக்கும்போது வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

அண்ணன்.